என் அரிவாள்மணையும் அந்த அம்மாள் கையும்

உள்ளங்கையில் இரும்புப் பல் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷி ஏன் சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்? ஒரு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். துணி துவைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியென்று படுகிறது. மறுநாள் பார்த்தால் அது எனக்கு வசதியான பதிலாக மட்டும் இருக்கிறது. அதனால் பதிலை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

போன வருஷம் ஜூலை மாதம், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் சாந்தோமில் இருக்கிறோம். என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்காள், மாம்பலத்தில் பனகல் பார்க் பக்கம் குடியிருக்கிறார். அவருக்கு மூன்றாவது பிரசவம் ஆகி நாலு நாள் ஆகியிருந்தது. பெற்ற தாயான என் மாமியார்தான் போயிருக்க வேண்டும். ஆனால் முழங்கால் வீங்கி அவரால் அடுப்படியில் உட்காரவே முடியவில்லை. ஆகவே பத்து நாளைக்குப் பத்தியச் சமையல் செய்துபோட நான் போவதென்று முடிவாயிற்று. என் பெண்ணுக்கு அப்போது பத்து மாதம். பல் முளைக்கும் வேளை, எதற்கெடுத்தாலும் சிணுங்கல். எனக்கு உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிருந்தன. போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. சொல்லவில்லை.

அரிவாள்மணையைக் கையோடு எடுத்துப் போனதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் வீட்டில் சமையலுக்கு உதவப் போயிருந்தேன். அவர் வீட்டு அரிவாள்மணை முழு மொட்டை. பலகையும் ஆடும். ஒரு வாழைப்பூவை நறுக்கி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நான் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். நாத்தனார் வந்திருந்தவர்களிடம், "டீச்சரம்மா காய் நறுக்குறாங்களா, இல்ல காய்க்குப் பாடம் நடத்துறாங்களான்னு தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தி மொட்டை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரியைக் குறை சொல்வதாக ஆகுமே என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது. இனி இந்த வீட்டுக்குச் சமைக்க வந்தால் என் கத்தியோடுதான் வருவேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

என் அரிவாள்மணை அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. மடக்கு மணை. கத்தியை மடக்கினால் பலகையோடு படிந்துவிடும். நுனியில் தேங்காய் துருவுவதற்காக இருக்கும் துருவல் மட்டும் பலகையைத் தாண்டி இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் துருவலுக்கு ஒன்பது பல். ஓரத்துப் பல்லுக்கு அடுத்த பல் உடைந்துபோய், எட்டுப் பல்லும் ஒரு இடைவெளியுமாக இருக்கும். தினமும் துருவித் துருவி அந்த வரிசை எனக்கு என் குழந்தையின் பல்லைப் போல மனப்பாடம்.

நான் அதைக் கட்டுவதைப் பார்த்துவிட்டு என் கணவர், "சொந்தக் கத்தியோட கிளம்புறது கல்யாண சமையல்காரங்கதான். கூட நாலு பேரைச் சேர்த்துக்க, கான்ட்ராக்ட் எடுத்துடலாம்" என்று கேலி செய்தார். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. தன் மகள் வீட்டில் ஒரு கத்தி இல்லையென்று ஊருக்குக் காட்டுவது போல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஒன்று சொன்னார்: "எடுத்துட்டுப் போறதுன்னா சாக்குல சுத்தி, கயித்தால இறுக்கிக் கட்டும்மா. கைக்குழந்தையோட போற."

நான் கேட்கவில்லை. அந்தச் சாக்கு கரி மூட்டைச் சாக்கு. குழந்தையின் துணிகள் இருக்கிற பையில் அதை எப்படி வைப்பது? அழுக்கும் கிருமியும் எப்படிப் பரவும் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தவள் நான். பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த, வெந்நீரில் அலசிக் காயப்போட்ட குழந்தைத் துணிகள் நாலை எடுத்து அரிவாள்மணையைச் சுற்றினேன். மெத்தென்று இருந்தது. சுத்தமாகவும் இருந்தது. அதைத் துணிப்பையின் மேல்பாகத்தில் வைத்துக்கொண்டேன். அடியில் வைத்திருந்தால் என்ன? இதையும் பல தடவை யோசித்தாயிற்று.

கணவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். காலை பதினொரு மணிக்கு லஸ் வரை ரிக்ஷாவில் போய், அங்கே மாம்பலம் பஸ்ஸுக்கு நின்றேன். இடுப்பில் குழந்தை, தோளில் அந்தத் துணிப்பை, கையில் இன்னொரு பை. அதில் பத்தியத்துக்கான சுக்கும் மிளகும் பூண்டும் இருந்தன. வெகு நேரம் கழித்து வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. யுத்தத்தினால் அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு வைத்து அதன் புகையில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பதை விட, நிறுத்தி நிறுத்தி நகர்த்தினார்கள் என்று சொல்லலாம்.

முன்வரிசை ஓரத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலடியில் காலியான மீன்கூடை. அதற்குள் சாக்கில் சுற்றிய மீன் வெட்டும் கத்தியின் மரப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்று முடித்துவிட்டு, மாம்பலத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவதாகப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"கொயந்தய இப்டி குடும்மா. ரெண்டு பையோட எப்டி நிப்பே?"

நான் தயங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், மீன் வாடைக்காகத் தயங்கினேன். மீன் சாப்பிடாத வீடு அல்ல எங்களுடையது. தினமும் மீன் வாங்கும் ஜனம்தான். ஆனாலும் குழந்தையை அந்த மடியில் வைக்க மனம் வரவில்லை. குழந்தையைக் கொடுக்காமல் தோளில் இருந்த பையை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் குழந்தையோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து விழப்பார்த்தேன். அவள் எட்டிக் குழந்தையை என் இடுப்பிலிருந்து எடுத்து, மடியில் இருந்த பையின் மேல் சாய்த்துக்கொண்டாள். குழந்தைக்கு அது தலையணை போல ஆயிற்று. அழும் என்று பார்த்தேன். அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போயிற்று. மூன்று நாளாக என்னிடம் அப்படித் தூங்கவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆழ்வார்பேட்டை தாண்டி பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் இரும்புக் கம்பியால் அடுப்பைக் கிளறினார். பின் இருக்கையிலிருந்து ஒருவர், "நைனா, அடுப்பு நல்லா புடிச்சிகிச்சின்னா ஒரு ஈடு இட்லி ஊத்திடு. பசி தாங்கல" என்றார்.

"நீ மாவு கொண்டாந்தியா சொல்லு, நான் சட்டி கொண்டாறேன்" என்று வெளியிலிருந்து கண்டக்டர் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தாள்.

பஸ் கிளம்பியபோது பயங்கரமாக ஒரு உதறு உதறியது. அப்போது அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலது கையைக் குழந்தையின் முதுகுக்கும் பைக்கும் நடுவில் நுழைத்துக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"இந்தப் பையில இன்னா கீதும்மா?"

என் பையில் என்ன இருந்தால் இவளுக்கென்ன என்று நினைத்தேன். பஸ்ஸில் பையைத் துழாவுகிறவர்களைப் பற்றி மாமியார் எச்சரித்திருந்தார். கத்தியோடு பிரயாணம் செய்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்வதும் கூச்சமாக இருந்தது.

"குழந்தைத் துணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை. "கனக்குதா, வாங்கிக்கட்டுமா?" என்று நான் ஒரு வார்த்தைக்குக் கேட்டேன். "வோணாம்மா. நீ கம்பியப் புடிச்சிகினு நில்லு. தூங்குற கொயந்தய எதுக்கு எயுப்பிகினு" என்றாள். தேனாம்பேட்டை வந்தது, போயிற்று. அவள் அசையவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பனகல் பார்க் வந்ததும் இறங்குவதற்காகக் குழந்தையை வாங்கினேன். வாங்கின என் கை ஈரமாயிற்று. மூத்திரம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் ரத்தம். குழந்தையின் வெள்ளைச் சட்டை முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

அதற்கப்புறம் நான் பேசியது என் குரல் போலவே இல்லை. காலடியில் கூடையும் அந்த மரப்பிடியும் கண்ணில் பட்டன. அவ்வளவுதான்.

"கத்தியை வெச்சுக்கிட்டுக் குழந்தையை வாங்குவியா? என் பிள்ளையை உன் மீன் கத்தி குத்திடுச்சே, பாவி" என்று கத்தினேன்.

பஸ்ஸில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், "மீன்கூடையை எல்லாம் பஸ்ஸில ஏத்தினா இப்படித்தான் ஆகும்" என்றார். சற்று முன் இட்லி கேட்டவர், "கொயந்த மேல கத்திய வெக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார். கண்டக்டர் கூடையைத் தூக்கி ரோட்டில் எறிந்தார்.

"கத்தி கட்டித்தான் கீது நைனா, பாரு நைனா" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. "எறங்கும்மே மொதல்ல" என்று கண்டக்டர் விரட்ட, அவள் இறங்கினாள். நானும் பைகளோடு இறங்கினேன். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது.

நடைபாதையிலேயே உட்கார்ந்து குழந்தையின் சட்டையைக் கழற்றினேன். முதுகைத் துடைத்துப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன், கை காலைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. குழந்தை தூக்கம் கலைந்த கோபத்தில் அழுததே தவிர, வேறொன்றும் இல்லை.

"முதுவுல நல்லா பாத்தியா? இல்லியே ஒண்ணும்?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். இல்லையென்று தலையசைத்தேன். "அப்பாடி" என்று சொல்லிவிட்டு, முந்தானையை எடுத்துத் தன் வலது கையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

சுற்றுவதற்கு முன் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். பெருவிரலின் அடிச்சதையில் வளைவாக ஒரு வரிசை ஓட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் ரத்தம். நாலு, ஐந்து என்று என் கண் தானாக எண்ணியது. எட்டு. ஓரத்தை ஒட்டி ஒரு இடைவெளி.

ரோட்டில் கவிழ்ந்து கிடந்த அவள் கூடையைப் பார்த்தேன். கத்தி மூன்று சுற்றுச் சாக்குக்குள், கயிற்று முடிச்சு கலையாமல் அப்படியே இருந்தது. என் பையைத் திறந்து பார்த்தேன். வெந்நீரில் அலசிய நாலு துணியையும் கிழித்துக்கொண்டு, பையின் துணியையும் பொத்துக்கொண்டு, துருவல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இங்கேயாவது நான் பேசியிருக்கலாம். பஸ்ஸில் கத்தியது பயத்தில். பெற்றவள் எவளும் கத்துவாள் என்று என்னைப் பெற்றவள் சமாதானம் சொல்கிறாள். சரி. ஆனால் நடைபாதையில் எனக்குப் பயம் இல்லையே. எல்லாம் தெரிந்துவிட்டதே. அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? பையின் வாயை மூடினேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் கணவர் என்னை அழைத்துப் போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ரத்தத்தையும் மீன்கூடையையும் பார்த்து, "என்னம்மா இங்க தகராறு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. இந்தம்மாவுக்குக் கையில அடிபட்டுடுச்சு" என்றேன்.

அவர் அவளைப் பார்த்து, "பாத்து ஏறி இறங்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே என் தோளிலிருந்து பையை வாங்கி சைக்கிள் கைப்பிடியில் மாட்டப் போனார். அந்த அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். என்னிடம் அல்ல, அவரிடம்.

"ஐயா, அந்தப் பைய அந்தாண்ட பக்கமா மாட்டுங்க. கொயந்த பக்கம் வராம."

சொல்லிவிட்டு இடது கையால் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ரெயில்வே ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள். "இவ எதுக்கு நமக்குப் புத்தி சொல்றா?" என்றார் அண்ணன். நான் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். சைக்கிளுக்குப் பின்னால் நடந்தேன்.

நாத்தனார் வீட்டில் முதல் வேலையாக அரிவாள்மணையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பத்து நாள் அதில்தான் பூண்டு நறுக்கினேன், மீன் அரிந்தேன், தேங்காய் துருவினேன். நாத்தனார் இந்த முறை குறை சொல்லவில்லை. "உன் கத்தி நல்லாத்தான் இருக்கு" என்று கூடச் சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் அதைச் சுமந்துகொண்டு போனேன். கேட்டதும் அதைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

வீடு திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவிசேஷம் வாசிக்க எல்லாரும் எழுந்து நின்றோம். பெருவிரலால் நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் சிலுவை வரைவோம் அல்லவா? குழந்தை முரண்டு பிடித்ததால் அன்று வாசலை ஒட்டி நின்றிருந்தேன். கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் நிற்கும் இடம் அது. எனக்கு இரண்டு ஆள் முன்னால் அவள் நின்றிருந்தாள். ஆள்காட்டி விரலால் சிலுவை வரைந்தாள். பெருவிரல் மரக்குச்சி போல விறைத்துக்கொண்டு தனியாக நின்றது. மடங்கவில்லை.

இத்தனை நாள் ஒரே கோயிலில்தான் இருந்திருக்கிறோம். நான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பூசை முடியும் முன்பே வெளியே வந்துவிட்டேன். அப்புறம் சில வாரங்கள், குழந்தைக்குச் சளி என்று சொல்லி, கூட்டம் இல்லாத விடியற்காலைப் பூசைக்குப் போனேன். ஒளிந்துகொண்டு கோயிலுக்குப் போகிறவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடவுள் மன்னிப்பார். நீ அந்த அம்மாளிடம் போய்ச் சொல்" என்றார். அது இரண்டும் வேறு வேறு காரியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கணவர் ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார். கைக்கு ஒரு புடவை என்று நினைக்கும்போதே எனக்குச் சரியாக வரவில்லை.

கடைசியில் இந்த மே மாதம் ஒரு சாயங்காலம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் கரைக்குப் போனேன். மீன் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவில் இருந்தாள். கூவி விற்பது அவள். அரிந்து கொடுப்பது பக்கத்தில் இருந்த அவள் மருமகள். ஒரு கிழவர், "நீயே அரிஞ்சி குடேன். நீ அரிஞ்சா முள்ளு மாட்டாது" என்று கேட்டார். "என் கை ரிடேராயிடுச்சி தாத்தா. இனிமே மருமவ கைதான்" என்றாள். மருமகள், "ஆமாமா, பென்சன் மட்டும் அத்தைக்கு" என்றாள். வரிசையே சிரித்தது.

நான் போய் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வாய் வரவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று ஒரு கூறு காரப்பொடி மீனைக் காட்டினேன். மருமகள் எடுத்து, "அரிஞ்சி தரட்டாம்மா?" என்றாள்.

"வேண்டாம். வீட்டுல அரிவாள்மணை இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க ஊட்ல அருவாமண கீறது எனக்குத் தெரியாதா? நல்ல ஜோரான மண" என்றாள்.

பக்கத்துக் கூடைக்காரி, "இன்னாக்கா, அவங்க ஊட்டுக்கு விருந்துக்குப் போனியா?" என்று கேட்டாள்.

"எங்க, பஸ்லயே போட்டுட்டாங்க விருந்து" என்று சொல்லிச் சிரித்தாள். கேட்டவளும் புரியாமல் சிரித்தாள். அவள் இடது கையால் என் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டி, "நடக்குறியா கண்ணு? பல்லு எத்தினி வந்துச்சி?" என்றாள். குழந்தை வாயைத் திறந்து காட்டியது. "அடேங்கப்பா, கடிச்சிடாத என்னிய" என்றாள். எனக்குக் கண்ணை மறைத்தது. "மணலு சுடுதும்மா, கொயந்தய இட்டுகினு போ" என்று அவளே அனுப்பிவைத்தாள். நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சொன்னது குத்தலா, வேடிக்கையா, இல்லை போகட்டும் போ என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. மூன்றில் எதுவாக இருந்தாலும் நான் வாயைத் திறக்காததற்கு அது சாக்கு ஆகாது என்பது மட்டும் தெரிகிறது. அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த அந்த முப்பது பேரும் தங்கள் வீட்டுக்குப் போய், மீன்காரி ஒருத்தி பச்சைக் குழந்தையைக் கத்தியால் கிழித்தாள் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களை நான் எங்கே தேடுவேன்? என் பிள்ளையின் முதுகில் ஒரு தழும்பும் இல்லாமல் இருப்பதற்கு, ஒரு பெண் தன் பெருவிரலையும் நல்ல பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த வழவழப்பான முதுகு எனக்கு இதைத்தான் சொல்கிறது.

இதைப் படிக்கிற தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் அந்த அம்மாளிடம் போய் நிற்கப் போகிறேன். அது நிச்சயம். ஆனால் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. யாரும் இல்லாத இடத்தில் தனியாகச் சொன்னால், எல்லார் முன்னாலும் போட்ட பழியை மறைவில் துடைப்பது போல இருக்கிறது. அவள் மருமகளும் அந்த மீன் வரிசையும் கேட்கச் சொன்னால், அவள் மூடிவைத்திருப்பதை அவளைக் கேட்காமல் நானே திறந்துபோடுவது போலவும், என் பாரத்தை அவள் தலையில் இறக்குவது போலவும் இருக்கிறது. நீங்களாக இருந்தால் எங்கே நின்று சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.